குகைக்குள் மாட்டிக்கொண்ட பிள்ளை

எங்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் மீடியம் என்பது வாசல் போர்டோடு நின்றுவிட்ட சமாச்சாரம். உள்ளே வந்தால் எல்லாம் தமிழ்தான். கணக்கு சார் 'டிரையாங்கிள்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, அதோடு கடமை முடிந்தது என்று தமிழுக்குத் திரும்பிவிடுவார். நாங்களும் கேள்வி பதிலை உருப்போட்டு, பரீட்சைத் தாளில் கொட்டிவிட்டு, சந்தோஷமாக இருந்தோம். ஏழாம் வகுப்பில் புது இங்கிலீஷ் மிஸ் வந்துதான் அந்த நிம்மதியைக் கெடுத்தார்.

மிஸ்ஸுக்குச் சென்னைப் பக்கம். போடிக்கு வந்த புதிதில், வகுப்பு ஜன்னலில் தெரிகிற மலையைப் பார்த்துக்கொண்டே பாதிப் பாடத்தை மறந்துவிடுவார். எங்களுக்கு மலை என்பது கரும்பலகை மாதிரி, எப்போதும் எதிரே இருப்பது. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று பின்பெஞ்சில் சிரிப்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அவர் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகத்தோடு வந்தார். அட்டையில் சிறகு வைத்த பாம்பு ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் டிராகன் என்றார். இருந்தது அந்த ஒரே புத்தகம். ஆகவே வாரா வாரம் அவர் படிப்பார், நாங்கள் கேட்போம். படித்து முடித்ததும் யாராவது எழுந்து அன்றைய கதையைத் தெரிந்த இங்கிலீஷில் திரும்பச் சொல்ல வேண்டும். வார்த்தை வராத இடத்தில் கையையும் காலையும் ஆட்டிக்கொள்ளலாம். எங்கள் வகுப்பில் அந்தச் சலுகையைப் பயன்படுத்தாதவர் யாருமில்லை. முழுக் கதையையும் கையாலேயே சொல்லி முடித்தவர்களும் உண்டு.

கதை இதுதான். பனி மூடிய ஒரு தேசம். அங்கே மலைக்குள் குடியிருக்கும் டிராகன் ஒன்று ஊர்ச் சனங்களின் குரலையெல்லாம் விழுங்கிவிட்டது. ஊரே ஊமையாகிப்போனது. காய்ச்சலில் குரலே எழும்பாமல் சுருண்டு கிடந்ததால் ஒரே ஒரு பிள்ளையின் குரல் மட்டும் தப்பியது. என் வயதுக்காரி. தன் அம்மாவின் குரலை மீட்டு வர அவள் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறாள்.

எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் புரிந்த பாதியை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வீட்டில் அம்மாதான் கிடைத்தாள்.

அம்மா ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியுமுன் தெருமுனைக்கு ஜீப் வந்துவிடும். அம்மாவும் சித்தியும் தெருப் பெண்களும் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்து, மலையடிவாரத்து முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருந்த தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்கள். அவள் கிளம்பும்போது நான் தூக்கத்தில் இருப்பேன். அவள் வரும்போது அவளுக்கு அசதி. அப்பா ஏலக்காய் குடோனில் லோடு ஏற்றி இறக்குகிறவர். வீட்டில் பேசுவதற்கு அவரிடம் மூச்சு மிச்சமிருக்காது. ஆகவே எங்கள் வீட்டுப் பேச்சுவார்த்தை "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதோடு முடிந்துபோகும்.

கதை வந்தபின் அது மாறியது. அம்மா கறை படிந்த விரல்களைத் தேய்த்துக் கழுவியபடியே, "ம், பெறகு?" என்பாள். நான் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு வெள்ளிக்கிழமைக் கதையை வாரம் முழுக்க நீட்டிச் சொல்வேன். சில ராத்திரிகளில் குழம்பு தீய்ந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவரும் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

அம்மா அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. ஜீப்பில் மலையேறும்போது வளைவுக்கு வளைவு குமட்டும். பயமாகவும் இருக்கும். அதை மறக்க யாராவது எதையாவது சொல்லிக்கொண்டு போவது அவர்கள் வழக்கம். அதுவரை சித்திதான் ஊர் வம்புகளைச் சொல்லி வண்டியைக் கலகலப்பாக வைத்திருந்தாள். இப்போது அம்மா முந்தலில் ஆரம்பித்துப் போடிமெட்டு வரை என் கதையைச் சொன்னாள். டிரைவர் கதை கேட்பதற்காகவே வண்டியை மெதுவாக ஓட்டுகிறார் என்று கங்காணி சத்தம் போட்டாராம்.

ஜீப்பில் ஏறிய கதை கொஞ்சம் உருமாறியது. பனி மழையானது. ஈட்டி அரிவாளானது. டிராகன் என்ற சொல் யார் வாயிலும் நிற்கவில்லை. சித்தி அதற்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்தாள். மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் யானையை அப்படித்தான் சொல்வார்கள். அங்கே அதன் பேரைச் சொன்னால் வந்து நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. மலைக்குள் குடியிருக்கிற, உருவத்தில் பெரிய, கோபக்கார ஒன்றுக்கு அவர்களிடம் வேறு பெயர் இல்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வகுப்பில் ஒரு பையனின் அப்பா பிரின்சிபாலிடம் போய்ப் புகார் செய்தார். பாடம் என்ன நடந்தது என்று கேட்டால் பையன் சிறகு வைத்த பாம்பு என்கிறானாம். கதையைக் கேட்டா பரீட்சையில் மார்க் போடப்போகிறார்கள் என்பது அவர் கேள்வி. பிரின்சிபால் புத்தகத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். மிஸ் தலையாட்டிவிட்டு வந்து பாடப்புத்தகத்தைத் திறந்தார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அந்தப் பிள்ளை குகைக்குள் நுழைந்திருந்தாள். பின்னால் பாறைக் கதவு மூடிக்கொண்டது. எதிரே டிராகன் கண் திறந்தது. அத்தோடு மணி அடித்திருந்தது.

"நின்னுபோச்சும்மா," என்றேன் அன்று சாயங்காலம்.

"எங்க நின்னுச்சு?"

"குகைக்குள்ள. கதவு மூடிருச்சு."

அம்மா அரிசி களைவதை நிறுத்தினாள். "அப்ப அந்தப் பிள்ள உள்ளயா கெடக்கு?"

மறுநாளே நான் ஒரு முடிவு தயார் செய்து சொல்லிப் பார்த்தேன். கதவு தானாகத் திறந்தது, பிள்ளை வெளியே வந்தாள், சுபம். அம்மா பாதியிலேயே கையைக் காட்டினாள். "இது நீயாச் சொல்றது. புஸ்தகத்துல இல்லாதது." எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. அதன்பிறகு எங்கள் வீடு பழையபடி "சாப்பிட்டியா"வுக்குத் திரும்பியது. நான் அதற்கு அழுதேன். கதைக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீப்பில் நிலைமை இன்னும் மோசம். சாமி கதையோ சனங்கள் கதையோ, கூடிக் கேட்கிற கதையை ஒரு உயிர் ஆபத்தில் இருக்கும்போது நிறுத்தக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் கண்டிப்பான பழக்கம். நிறுத்தினால் கேட்டவர்களுக்கு ஆகாது. இவர்களோ பிள்ளையைப் பெரியவர் முன்னால் விட்டுவிட்டு, தினமும் அதே மலையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் ஜீப் பஞ்சர். அடுத்த நாள் தோட்டத்துப் பாதையில் நிஜப் பெரியவரே வந்து குறுக்கே நின்றுவிட்டார். எல்லாம் கதை நின்றதால்தான் என்று சித்தி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா அதுவரை வந்ததே இல்லை. அந்தத் தடவை வந்தாள். தனியாக வரவில்லை, ஜீப்போடு வந்தாள். தோட்டத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மலையிலிருந்து நேராகப் பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்கினார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, இடுப்பில் பிளாஸ்டிக் தாள், கையில் தூக்குச்சட்டி. அவர்கள் நுழைந்ததும் வகுப்பறை முழுக்கப் பச்சை ஏலக்காய் மணத்தது. நான் பெருமைப்படுவதா பெஞ்சுக்கு அடியில் போய்விடுவதா என்று தெரியாமல் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

"இதுல உங்க பிள்ளை யாரும்மா?" என்றார் பிரின்சிபால் சித்தியிடம்.

"எம்பிள்ள சின்னவ சார், பால்வாடிக்குப் போறா. நாங்க கதைக்கு வந்திருக்கோம்."

பிரின்சிபாலுக்கு அவசரமாகத் தண்ணீர் தேவைப்பட்டது. அம்மாதான் எழுந்து நின்றாள். எங்கள் வீட்டில் ஒரு வாரத்துக்குப் பேசுகிற பேச்சை அங்கே ஒரே மூச்சில் பேசினாள்.

"பாடத்தப் பத்தி எனக்குத் தெரியாது சார். நான் சோலிக்குப் போகையில இவ தூங்குவா, வரையில எனக்குத் தூக்கம் வரும். சாப்பிட்டியாங்கிறதத் தவிர எம்பிள்ளகிட்டப் பேச எங்கிட்ட எதுவும் இல்லாம இருந்துச்சு. இந்தக் கதை வந்த பெறகுதான் நாங்க ரெண்டு பேரும் பேசுறோம். அத நிப்பாட்டிறாதீக."

 புகார் செய்த அப்பா தன் மகனைப் பார்த்தார். மகன் கூரையைப் பார்த்தான். பிரின்சிபால் தொண்டையைச் செருமிக்கொண்டு, வருகிற வெள்ளிக்கிழமை ஒரு பீரியடு தருகிறேன், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார்.

மிஸ் அவர்களை வழியனுப்ப ஜீப் வரை வந்தார். சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சரம்மா, ஒண்ணே ஒண்ணு. பெரியவரக் கொன்னுற மாட்டாகள்ல?"

பெரியவர் என்றால் மலையில் யானை, கதையில் டிராகன் என்று நான் விளக்கியதும் மிஸ் திகைத்தார். "ஏன், கொல்லக் கூடாதா?"

"நாங்க நாளைக்கும் மலைக்குப் போகணும்ல."

"நிஜமா யானை எதிர்ல வந்தா நீங்க என்ன செய்வீங்க?"

"என்ன செய்ய? கையில இருக்கிறதக் கீழ வச்சிட்டு ஓரமா நின்னு கும்பிடுவோம். பெரியவரே, வயித்துப் பொழப்புக்கு வந்தவுக நாங்க, வழி விடுங்கம்போம். போயிருவாரு."

"போகலைன்னா?"

"போற மட்டும் நிக்கணும். அவரு எடம்ல."

ஜீப் கிளம்பியபிறகும் மிஸ் வாசலிலேயே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மிஸ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். அன்று எனக்கு ஒரு ஆச்சரியம் நடந்தது. ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் புரிந்தது. அத்தனை எளிதான இங்கிலீஷ். என் அறிவு அப்படி வளர்ந்துவிட்டது என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பிள்ளை ஈட்டியைத் தரையில் வைத்தாள். ஓரமாக நின்று கும்பிட்டாள். பெரியவரே, எங்கள் வீட்டில் பேச்சே இல்லை, என் அம்மாவின் குரலுக்காக வந்திருக்கிறேன், வழி விடுங்கள் என்றாள். டிராகன் வெகுநேரம் யோசித்தது. அவளும் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் அது எழுந்து நகர்ந்து வழி விட்டது. வெளிநாட்டிலும் நம் சித்தியைப் போலத்தான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை வீடு திரும்பினாள். குரல் திரும்பிய அவள் அம்மா முதலில் கேட்டது, "சாப்பிட்டியா?"

வகுப்பு கைதட்டியது. புகார் செய்தவரின் மகன்தான் அதிகம் தட்டினான்.

அந்தப் புத்தகம் இந்த வருஷம் மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் என் கையில் மாட்டியது. அதே அட்டை, அதே நெருப்பு. போடி ரயிலில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். கடினமான இங்கிலீஷ். அந்தப் பிள்ளை டிராகனின் நெஞ்சில் ஈட்டியைப் பாய்ச்சிக் கொல்கிறாள். ஊர் அவளை ராணியாக்குகிறது. அவள் அம்மாவுக்கு ஒரு வரி கிடைக்கிறது, அதிலும் அவள் பேசவில்லை. தலை நிமிர்ந்தபோது ஜன்னலில் மலை வந்திருந்தது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு எதுவும் தெரியாது. வீட்டுக்கு ஓடி, அம்மா ஜீப்பிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாகக் கையைப் பிடித்து இழுத்துவந்து, முழுவதையும் சொன்னேன். 'இது நீயாச் சொல்றது' என்று எந்த இடத்தில் சொல்வாளோ என்று பயந்துகொண்டே சொன்னேன். அவள் சொல்லவில்லை. "சாப்பிட்டியா" வந்ததும் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

"டீச்சரம்மா புஸ்தகத்தப் பாத்துத்தான் படிச்சாகளா?"

"பாத்துத்தான்மா. ஆனா கடைசி வரைக்கும் ஒரு பக்கம்கூடத் திருப்பல."

"திருப்பவே இல்லையா?" என்று கேட்டுவிட்டு அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது, அழத்தான் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பாவம், அம்மா படிக்காதவள், விவரம் தெரியாது என்று நானே எடுத்துச் சொன்னேன்.

"பெரிய புஸ்தகம்மா. மிஸ்ஸுக்குக் கை வலிச்சிருக்கும்."