விடு என்ற சொல்லில் தோற்றேன்

ஓட்டக்காரனுக்குக் கோபமும் அழுகையும் எங்கிருந்து வருகின்றன என்று எழுதிவைக்க வேண்டும் என எனக்குத் தோன்றியது, தோற்றுப்போய்க் கடலில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது. யுத்தகாலம், நோட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் என்ன, பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கம் இருக்கிறதே!

பாளையங்கோட்டைப் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒருவன்தான் போகலாம். கடற்கரையில் ஒரு மைல், இரண்டு நாள் ஓட வேண்டும். எந்த நாளிலானாலும் குறைந்த நேரத்தில் ஓடியவன் போவான். மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருவன் திரேஸ்புரத்துத் தோணிக்காரர் மகன். இன்னொருவன் நான், சாத்தான்குளத்துக் கடைக்காரர் வீட்டுப் பையன், போர்டிங்கில் தங்கிப் படிப்பவன்.

முதல் நாள் முக்கால் மைல்வரை நான்தான் முன்னால். கரையோரத் தோணிகளில் அவன் ஆட்கள் எழுந்து நின்று, "விடுலே! விடு, விடு!" என்று கத்தினார்கள். உன்னால் ஆகாது, விட்டுவிடு என்று கேலி செய்வதாக எடுத்துக்கொண்டேன். கோபம் தலைக்கேறியது, மூச்சு தாறுமாறாயிற்று. திரும்பி முறைத்தேன். முறைத்து முடிப்பதற்குள் அவன் என்னைத் தாண்டிப் போய்விட்டான்.

கால் கழுவும் இடத்துக்கு அவனே வந்தான்.

"ஏலே, எங்க ஆளுவள எதுக்கு அப்படி முறச்ச?"

"விட்டுட்டுப் போன்னு கத்துனா கும்பிடவா செய்யணும்?"

அவன் சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கூறுகெட்டவனே! காத்து நல்லா அடிச்சா பாய்க்கயித்தத் தளத்தி விடுவோம்லா? தோணி பறக்கும். அதத்தாம்ல சொன்னாவ. நீ ஓடுன ஓட்டத்தப் பாத்து எங்கப்பாவும் உனக்குத்தான் கத்துனாரு. வீட்டுக்குப் போனா இருக்கு அவருக்கு!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு வயதில் தோற்றதற்கு அழுதிருக்கிறேன். போன வருஷம் ஜெயித்தும் அழுதேன், பார்க்க வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை என்று. இன்றைக்கோ, யாரும் நினைக்காத ஓர் அர்த்தத்துக்காகக் கோபப்பட்டிருக்கிறேன். கால்கள் தம் பாட்டுக்கு ஓடின. கலங்கியதெல்லாம் கரையில் நின்றவர்களையும் நிற்காதவர்களையும் நினைத்துத்தான். பரீட்சைத் தாளில் முதல் வரியாக இதை எழுதினேன்.

சனிக்கிழமை இரண்டாம் ஓட்டம். அவன் நேரத்தை முந்த நான் நான்கு விநாடிக்கு மேல் குறைக்க வேண்டும்.

"உங்கப்பாவ மறுபடியும் கத்தச் சொல்லுவியா?" என்று கேட்டேன்.

"போலே! இந்தத் தடவ எனக்குத்தான்."

யாருக்கு வேண்டுமானாலும் கத்தட்டும். அந்தச் சொல் காதில் விழுந்த கணமே நான் தளர்த்திவிடப் போகிறேன்: முதலில் இறுக்கிய கைகளை, பிறகு தோள்களை. காற்று பிடிக்கிறதா பார்ப்போம்.