பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்து

ரோனியோ அச்சு மையின் வாடை இன்றைக்கும் எனக்குக் குமட்டும். வினாத்தாள் கட்டு ஒன்றைப் பிரித்தால் போதும், அது மூக்கில் ஏறிவிடும். அந்த எண்ணெய்க் கறுப்பு வாடை தனியாக வருவதில்லை. மழையில் ஊறிய கம்பளியின் வாடையையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுதான் வரும்.

அறுபதுகளின் தொடக்கம். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மருந்துக் காம்பராவில் நான் நலன்புரி உதவியாளர். தற்காலிகம். கொழும்பில் ஒரு பரீட்சை தேறினால்தான் வேலை நிலைக்கும். அதற்கான பாடக்குறிப்பை யாரோ ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி, ரோனியோவில் உருட்டி, தபாலில் அனுப்பியிருந்தார்கள். எங்கள் சனங்களுக்கு அதில் 'சேவை பெறுபவர்' என்று பெயர். விடியற்காலைப் பனியில் பேர் வாசிக்கிற பெரட்டுக்கு ஓடுகிறவர்களை, ஒரு காம்பராவுக்குள் எட்டுப் பேராய்ப் படுத்து எழும்புகிறவர்களை, சேவை பெறுபவர் என்று எழுத எப்படிக் கை வந்ததோ. அதையும் மனப்பாடம் செய்தேன். பக்கம் பக்கமாக விழுங்கினேன்.

மருந்து கலக்குகிறவர் என் வயதையொத்தவர். போத்தல் கழுவிக்கொண்டே கேள்வி கேட்பார்.

"சேவை பெறுபவர் சொன்னத எங்க வச்சிருக்கணும்?"

"மனசுக்குள்ள."

"தப்பு. பூட்டுப் போட்ட அலுமாரிக்குள்ள. குறிப்புல அப்புடித்தான் இருக்கு."

"நமக்கு அலுமாரியே இல்லையே?"

"அப்ப ரெண்டு மார்க்கு போச்சு மிஸ்ஸி."

சிரித்தோம். அந்தச் சிரிப்பையும் இப்போது துப்பத் தோன்றுகிறது.

ஒரு மத்தியானம், அவர் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம், கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி தலைவலிக்கு மருந்து கேட்டு வந்தாள். கம்பளியிலிருந்து சிமெந்துத் தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாத்திரையைக் கொடுத்தேன். கைக்குள் வைத்துக்கொண்டு, போகாமல் நின்றாள்.

"என்னைய மட்டும் கடைசியா நிக்க வைக்கிறாருங்க மிஸ்ஸி."

"யாரு? எங்க?"

"கங்காணிங்க. கொழுந்து நிறுக்கிற எடத்துல. எல்லாரும் எறங்கிப் போனப்புறந்தான் என் கூடைய வாங்குறாரு. தொட்டுத் தொட்டு நிறுக்கிறாருங்க."

மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டாள். மிச்சத்தை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா கவ்வாத்துக் கத்திய எடுத்துருவாரு. அப்புறம் பத்துச்சீட்டுத்தான். புள்ளைகளோட எங்க போயி நிக்கிறது? ஒங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன். எப்புடியாச்சும் வேற மலைக்கு மாத்தி விட்ருங்க."

பத்துச்சீட்டு என்றால் பேரை வெட்டி, காம்பராவைக் காலி பண்ணச் சொல்லும் கடதாசி. அந்தச் சொல்லைக் கேட்டால் மலையில் பச்சைக் குழந்தையும் வாயை மூடும்.

"யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றேன். பாடக்குறிப்பின் பதினாலாம் பக்கம். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன்.

பரீட்சைக்கு, உண்மையாக நடந்த ஒருவரின் வரலாற்றை நம் கையெழுத்தில் எழுதி அனுப்ப வேண்டும். பெயர் எழுதக் கூடாது. இது உண்மைதான் என்று தோட்ட ஆபீஸ் முத்திரை குத்த வேண்டும். நான் அவளை எழுதினேன். பெயருக்குப் பதிலாக 'அ' என்று போட்டேன். மழையை எழுதினேன், தராசின் கொக்கியை எழுதினேன், வெறிச்சோடிய மலையில் கடைசிக் கூடையோடு நிற்கிற ஒருத்தியின் முதுகை எழுதினேன். வரிகள் தாமாக வந்து விழுந்தன. வாசித்துப் பார்த்து எனக்கே உடம்பு சிலிர்த்தது. அருவருப்பு அங்கேதான் தொடங்குகிறது. அவளுடைய அவமானத்தில் என் தமிழ் மினுங்கிற்று.

அதோடு அனுப்ப வேண்டிய படிவத்தின் தலையில் 'வதிவிடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா என்று, அவள் குடியிருந்த வரிசை வீட்டையும் அறையையும் நிரப்பினேன். தோட்டத்தில் ஆளைப் பெயர் சொல்லியா தேடுகிறோம்? லயத்து நம்பரும் காம்பரா நம்பரும் சொன்னால் நாய்கூட வழிகாட்டும். முகத்தை மூடிவிட்டு வாசலைத் திறந்து காட்டினேன். கட்டத்தைக் காலியாக விட்டால் மார்க்குக் குறையுமே என்ற ஒரே பயம்தான் அப்போது இருந்தது.

ஆபீசில் பெரிய கிளாக்கர் விரலை எச்சில் தொட்டுத் தொட்டுத் தாளைப் புரட்டினார். "அழகான எழுத்து மிஸ்ஸி. வச்சிட்டுப் போங்க, படிச்சுப் பாத்துட்டுக் குத்துறேன்." அவரும் கங்காணியும் ஒரே போத்தலில் குடிக்கிறவர்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல.

மறுநாள் பெரட்டுக் களத்துக்கு, சுகமில்லாதவர்களின் பட்டியலோடு போயிருந்தேன். கங்காணி பேர் வாசித்துக்கொண்டிருந்தான். அவள் முறை வந்ததும் நிறுத்தினான். என்னைப் பார்த்தான். வெற்றிலையைக் கடைவாய்க்கு ஒதுக்கினான்.

"அனா வந்தாச்சா? எங்க நம்ம அனா?"

பின்னாலிருந்து ஒருவன், "அனா யாருங்க கங்காணி?" என்றான்.

"மிஸ்ஸி படிப்பிச்ச அனாடா. ஏழாம் லயத்து அனா. கடைசிக் கூட அனா!"

சிரிப்புப் பரவியது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஏழாம் லயம் என்றது காதில் ஏறிய பிறகுதான் என்னைப் பார்த்தாள். அவள் புருஷன் வரிசையை விட்டு வந்து கங்காணியின் கோட்டைப் பிடித்துச் சேற்றில் தள்ளினான்.

அன்று பின்னேரமே பத்துச்சீட்டு. கங்காணியை அடித்த குற்றத்துக்கு. அடுத்த நாள் பெரிய கிளாக்கர் என் தாள்களை நீட்டினார்.

"சீல் குத்தியாச்சு மிஸ்ஸி. உண்மைன்னு தொரையும் கையெழுத்துப் போட்டுட்டாரு."

உண்மைதான் என்று ஒப்பமிட்ட அதே ஆபீஸ்தான் அவர்கள் பேரை வெட்டியது. தோட்டத்தை ஆள்கிற துரையிடம் போய் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வேலை இன்னும் நிலைக்கவில்லை அல்லவா? தாள்களை உறையில் போட்டு ஒட்டினேன். தேறினேன். வேலையும் நிலைத்தது. இதை எழுதுகிற கையும் அதுதான்.

அவர்கள் ராகலைப் பக்கத்தில் உறவுக்காரர் இருக்கிற தோட்டத்துக்குப் புறப்பட்ட அன்று, நோர்வூட் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். தகரப் பெட்டி, சாக்கில் கட்டிய சட்டி பானை, இரண்டு பிள்ளைகள். புருஷன் என் பக்கமே திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"போற தோட்டத்துலயும் ஒங்கள மாதிரி மிஸ்ஸி இருக்காங்களா?"

"இல்ல. அங்க இன்னும் யாரையும் போடல."

பிள்ளையைத் தூக்கி பஸ் படியில் ஏற்றிவிட்டு, முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"அப்ப சரிங்க. பொழச்சுக்குவோம்."