நானூற்றுப் பதினேழாம் எண்ணைப் பார்த்திருந்த ஞானம் அண்ணர்

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். தலைப்புகளை முதலில் வரிசைப்படுத்தாவிட்டால் எனக்குக் கை ஓடாது. அடக்கம் நடந்த மறுநாள் நான் எழுதிவைத்தவை இவை:

1. செய்தி வந்த விதம்.
2. நானும் ஞானம் அண்ணரும் கேட்டதும் கேட்காததும்.
3. மகன் போன பிறகு ஞானம் அண்ணர் தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டது.
4. அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது.

அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்தபோது நான் பலேர்மோ நகரின் லிபெர்த்தா வீதியில், நான் பராமரிக்கும் இத்தாலிய மூதாட்டியான சிஞ்ஞோராவுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். அழைத்தவர் ஞானம் அண்ணரின் மனைவி ஜெயம் அக்கா. அவருடைய குரலில் அழுகை இல்லை.

"மாஸ்ரர், இவர் கதிரையிலை இருந்தபடியே போயிட்டார். டொக்டர் வந்து பாத்திட்டார். கொம்பியூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கு. அதை எப்பிடி நிப்பாட்டுறது?"

நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் அவருடைய முகத்தைப் பார்த்து நின்றார்கள். நான் நேரே மேசைக்குப் போய்க் கணினியை முறைப்படி நிறுத்தினேன். அந்த வீட்டில் என்னால் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று தோன்றியது.

எங்கள் நட்பு அந்த மேசையில்தான் வளர்ந்தது. ஞானம் அண்ணர் மன்னாரில் வானொலிப் பெட்டி திருத்தியவர். பலேர்மோவில் வீடுகள் துப்புரவு செய்தவர். நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன். அவரிடம் அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் ஒரு பழைய ஸ்கானர் இருந்தது. முன்பு அதில் துறைமுகப் பக்கத்து வேலையாட்களின் வோக்கி-டோக்கிப் பேச்சுகள் கேட்கும். எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிய பிறகு இரைச்சல் மட்டுமே வந்தது. அவர் மொட்டைமாடியில் புதிய ஏரியல் கட்டினார். நான் கணினியில் குறிநீக்கும் மென்பொருளைப் போட்டுச் சரிப்படுத்தினேன்.

இந்தப் புதிய முறையில் ஒரு குழுவுக்கு ஒரு அலைவரிசை என்று நிலையாக இல்லை. யாராவது பொத்தானை அமத்தும்போது, எது சும்மா இருக்கிறதோ அதை அமைப்பே ஒதுக்கிக் கொடுக்கும். ஒதுக்குவதற்கென்றே தனியாக ஒரு அலைவரிசை இருக்கிறது. அதை விடாமல் பார்த்தால்தான் யார் எங்கே போனார் என்று தெரியும். ஜெயம் அக்காவுக்கு அவர் விளக்கியதை நான் மறக்கவில்லை.

"பெருநாள் சாப்பாட்டுப் பந்தி மாதிரியப்பா. ஆரை எங்கை இருத்துறதெண்டு வாசல்லை நிக்கிறவனுக்குத்தான் தெரியும். நாங்கள் சாப்பிடுறவையைப் பாக்கேல்லை, வாசல்காரனைப் பாக்கிறம்."

பேச்சுகள் வெளியார் கேட்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தன. எந்தக் கருவி அமத்தியது என்ற எண் மட்டும் திரையில் வரும். அதற்கே எனக்குப் பயம். இது குற்றமாகாதா என்று அடிக்கடி கேட்பேன். "குவெஸ்தூராப் பொலிஸ்காரர் வந்தா, அவங்கள் கேக்க முதலே நீங்கள் ஒத்துக்கொள்ளுவியள் மாஸ்ரர்," என்று சிரிப்பார்.

அவருடைய ஒரே மகன் ஜூட் துறைமுகத்துக்கு அருகே ஒரு குளிர்களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் இடுப்பில் இருந்த வோக்கி-டோக்கிக் கருவியின் எண் நானூற்றுப் பதினேழு. மாலையில் வேலை முடிந்ததும், பேசாமல் பொத்தானை ஒரு தடவை அமத்துவான். இது தகப்பனும் மகனும் தமக்குள் வைத்திருந்த விளையாட்டு.

"வாட்ஸ்அப் அம்மாவுக்கு, இது உங்களுக்கு," என்று அவன் சொன்னது எனக்குக் கேட்டிருக்கிறது. "கதைச்சா வேலையிடத்துக் கப்போ ஏசுவார். சும்மா ஒருக்கா அமத்திறன். நீங்கள் அம்மாட்டைச் சோத்தைப் போடச் சொல்லுங்கோ."

எண் திரையில் வரும். "ஜெயம், உன்ரை மோன் வெளிக்கிட்டிட்டான்!" என்று அவர் குசினிப் பக்கம் குரல் கொடுப்பார்.

ஒருநாள் அந்த எண் வரவில்லை. ஞானம் அண்ணர் ஏரியலைச் சந்தேகித்தார். எங்களைப் போன்றவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம் அதுதான். மொட்டைமாடிக்கு ஏறி இணைப்பைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். இறங்கிவந்து பார்த்தார், மறுபடியும் ஏறினார். அந்த நேரத்தில் ஜூட் களஞ்சியத்தில் ஏணியடியில் விழுந்து கிடந்தான். முன்னதாகக் கண்டிருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அந்தப் பதிலோடு ஞானம் அண்ணர் கடைசிவரை இருந்தார்.

சில மாதங்களில் நானூற்றுப் பதினேழு மறுபடியும் திரையில் வந்தது. கருவியை வேறொருவருக்குக் கொடுத்திருப்பார்கள். அன்றிலிருந்து மாலையானால் ஞானம் அண்ணர் கதிரையை விட்டு அசைவதில்லை. ஜெயம் அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "மாஸ்ரர், நான் சொன்னா ஏறாது. நீங்கள் படிச்ச மனிசன், எடுத்துச் சொல்லுங்கோ. அந்தச் சனியனைத் தூக்கி எறியுங்கோ."

பல நாள் தயங்கி ஒருநாள் சொன்னேன்: "அண்ணை, அது அந்த வோக்கி செற்றின்ரை நம்பர். பிள்ளையின்ரை நம்பர் இல்லை."

"தெரியும் மாஸ்ரர். இப்ப அது வேறை ஆரின்ரையோ இடுப்பிலை கிடக்கு," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் தேறமாட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். மூன்றாவது தலைப்பை எழுதியது அந்த முடிவோடுதான்.

போன கிழமை ஜெயம் அக்கா வீட்டுக்கு நீனோ என்ற சிசிலிக்காரர் ஒருவர் வந்தார். பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து ரயிலில் வேலைக்கு வந்துபோகும் நடுத்தர வயதுக்காரர். பங்குக் கோவில் சுவரில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலில் ஞானம் அண்ணரின் படத்தைப் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறார். நானூற்றுப் பதினேழு இப்போது அவரிடம் இருக்கிறது.

ஞானம் அண்ணர் களஞ்சிய வாசலில் காத்திருந்து அவரைப் பிடித்திருக்கிறார். வேலை முடிந்ததும் ஒரு தடவை அமத்தும்படி கேட்டிருக்கிறார், காரணத்தையும் மறைக்கவில்லை. நீனோவும் ஒத்துக்கொண்டிருக்கிறார். போன மாரியில் ஒருநாள் நீனோ மறந்துவிட்டார். பக்கத்துக் கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, ஞானம் அண்ணர் மழையில் நனைந்து, மூச்சு வாங்க, வந்து நின்றாராம்.

"சாகவில்லை சிஞ்ஞோர், கோப்பிதான் குடிக்கிறேன் என்று சிரித்தேன்," என்றார் நீனோ, இத்தாலிய மொழியில். "அவர் கோபிக்கவில்லை. இந்த முறை மேலே ஏறவில்லை, நேரே வந்தேன் என்றார். எனக்கு அது விளங்கவில்லை."

எங்களுக்கு விளங்கியது. ஜெயம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

போகும்போது நீனோ வாசலில் நின்று கேட்டார்: "நான் தினமும் அமத்திக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது யார் பார்க்கிறார்கள்?"

யாரும் பார்க்கவில்லை. கணினியை நிறுத்தியவன் நான்.

"கொண்டுபோங்கோ மாஸ்ரர்," என்றார் ஜெயம் அக்கா. "எனக்கு அதைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது. ஆனா நிப்பாட்டிப் போடாதேங்கோ."

ஆக, அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அந்தக் கணினியும், என் வீட்டு மொட்டைமாடிக்கு மாற்றிக் கட்டிய ஏரியலும், மாலை நேரத்து வேலை ஒன்றும். மூன்றாவது தலைப்பை அடித்துவிட்டிருக்கலாம். நான் அப்படி நினைத்தது உங்களுக்கும் தெரியட்டும் என்று விட்டிருக்கிறேன். அது பிழை. மகன் இல்லை என்பதை எங்கள் எல்லோரையும்விட நன்றாக அறிந்திருந்தவர் அவர். அவர் பார்த்துக்கொண்டிருந்தது நீனோவை.

நேற்று எண் வரப் பிந்தியது. நான் ஏரியலைத் தொடவில்லை. களஞ்சிய வாசல்காரருக்கு அழைக்கத் தொலைபேசியைக் கையில் எடுத்தபோது, நானூற்றுப் பதினேழு வந்தது.