ஒன்பது பக்கத்தில் இல்லாத டம்ளர்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. வலது பக்கம் அசையாது. பேச்சு பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. அதில் கிண்டல்தான் முதலில் திரும்பியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, மாத்திரை, குளியல், துணி எல்லாம் நான்தான். நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதிவருகிறேன்.

போன மாதம் அவளுக்கு மாத்திரை எழுத வந்த டாக்டர் எனக்கும் பிரஷர் பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார். "நீங்களும் படுத்துட்டா இந்தம்மாவை யாரு பாக்குறது?" என்றார். சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் ஓர் இல்லம் இருக்கிறதாம். வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் ஓய்வெடுக்க, நோயாளியை ஐந்து நாள் வைத்துக்கொள்வார்களாம்.

அவளிடம் சொல்ல எனக்கு எட்டு நாள் ஆனது.

"அஞ்சு நாளு என்ன செய்வீக?" என்று கேட்டாள்.

"தூங்குவேன்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "சரி. தூங்குங்க."

இல்லத்துக்காரர்களுக்காக அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து ஒன்பது பக்கம் எழுதி, ஜெராக்ஸ் எடுத்தேன். எந்தத் தோள் வலிக்கும், எந்த மாத்திரையைப் பொடித்துத் தர வேண்டும், தலையணையை முழங்காலுக்கு அடியில் எப்படி வைப்பது என்று எல்லாம். அவளைக் கொண்டுபோய் விட்ட அன்று, அங்கே பொறுப்பிலிருந்த அக்கா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், வாத்தியாரா?" என்றார். "ஆபீஸு கிளார்க்கு. தும்முனாக்கூட எழுதி வப்பாக" என்று கட்டிலிலிருந்து பதில் வந்தது.

வீட்டுக்கு வந்து மத்தியானம் படுத்தேன். இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. எழுந்து நின்று காலியான கட்டிலுக்குக் கையை நீட்டினேன். நான்கு மணிக்கும் அப்படியே. இரவு முழுக்கவும் இதேதான். மூன்று வருடமாக உடம்புக்குள் ஓடிய கடிகாரத்தை யாரும் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை எட்டே காலுக்கு அந்த அக்கா போன் செய்தார். "சார், அம்மா நேத்துல இருந்து தண்ணியே குடிக்கல. கஞ்சி ரெண்டு வாய் வாங்குறாங்க, தண்ணின்னா வாயை இறுக்கி மூடிக்கிறாங்க. மத்தியானம் வரைக்கும் பாக்குறோம். அப்பவும் குடிக்கலைன்னா வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

ஒரு நாள்கூட ஆகவில்லை. போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் மேல் கோபம்தான் வந்தது. அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது? நோட்டை எடுத்து, விட்டது என்ன என்று தேடினேன். தண்ணீர் தர வேண்டிய நேரமும் அளவும் சரியாகவே இருந்தன.

காபி போட அடுப்படிக்குப் போனபோதுதான் அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த அவள் டம்ளர் கண்ணில் பட்டது. அவள் பிறந்த வீட்டில் யாரும் டம்ளரை வாயில் வைத்துக் குடிக்க மாட்டார்கள், அண்ணாந்துதான். பக்கவாதத்துக்குப் பிறகு அண்ணாந்தால் புரையேறும், கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரார் எச்சில் பட்டதில் வாய் வைப்பதாவது என்று இரண்டு நாள் சண்டை போட்டாள். கடைசியில் கல்யாணச் சீராக வந்த இந்த எவர்சில்வர் டம்ளருக்கு மட்டும் இணங்கினாள். அடியில் அவள் அப்பாவின் பெயர் வெட்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் இடது கை விரலால் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். தினம் ஆறு முறை பார்க்கிறேன், எழுதத் தோன்றவில்லை. பாத்திரம் கொண்டுவர வேண்டாம் என்று இல்லத்தில் சொன்னதும் அப்படியே விட்டுவிட்டேன்.

டம்ளரைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வாசலிலேயே அக்காவிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். "உள்ள வாங்க சார்" என்றார். வரவில்லை என்றேன். என்னைப் பார்த்தால் கிளம்பிவிடுவாள். வீட்டுக்குப் போவோம் என்று அவள் சொன்னால் மறுக்கிற தெம்பு எனக்கில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் சுவரோரமாக நின்றேன்.

உள்ளே கொஞ்ச நேரம் சத்தமில்லை. விரல் தடவுகிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மடக்கு மடக்காகக் குடிக்கும் சத்தம். ஒரு இருமல். மறுபடியும் குடிக்கும் சத்தம்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவாம்மா?"

"ஊத்து. அவுக எங்க?"

"குடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா."

"போயிருக்க மாட்டாக. அங்கனதான் சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிப்பாக. தூங்கப் போறேன்னுதானே என்னைய இங்க கொண்டாந்து விட்டாக? போயித் தூங்கச் சொல்லு."

அக்கா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் தலையாட்டிவிட்டு நடந்தேன்.

திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீட்டுக்குப் பேகம்பூரிலேயே இறங்க வேண்டிய என்னைக் கண்டக்டர் கடைசி ஸ்டாப்பான பஸ் ஸ்டாண்டில் தோளைத் தட்டி எழுப்பினார். "என்னண்ணே, வீடு வாசல் இல்லையா? எல்லாரும் எறங்கியாச்சு."

நோட்டில் டம்ளரைப் பத்தாம் பக்கமாகச் சேர்த்துவிட்டேன். பஸ்ஸில் எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்பதை மட்டும் எழுத முடியவில்லை. தெரியவில்லை.