கோட்டோடு சேர்த்து நாலு புள்ளி நாலு

அவரைப் பட்டறையில் எல்லோரும் புள்ளிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் ஒரு எண் வரும், எண் வந்தால் அதன் நடுவே ஒரு புள்ளி வரும். தட்டில் வைத்த ரொட்டித் துண்டு பதினொன்று புள்ளி இரண்டு என்பார். வீட்டு வாசல் கதவு வெயில் நாளில் முப்பத்தைந்து புள்ளி ஐந்து, மழை நாளில் முப்பத்தைந்து புள்ளி எட்டு என்பார். கேட்டவர்கள் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவார்கள். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள், அவர் மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்து அளக்கும் வெர்னியர் வைத்திருந்தார்.

வேன்களுக்கு அலுமினியப் பெட்டி கட்டும் பட்டறை அது. ரொட்டி, மருந்து, துணி என்று எதையாவது ஏற்றிக்கொண்டு ஓடும் வேன்களின் முதுகில் இருக்குமே, அந்தப் பெட்டிதான். அதைப் பாப் ரிவெட் அடித்துக் கோர்ப்பார்கள். அலுமினிய ரிவெட்டை வெளியிலிருந்தே ஓட்டையில் செருகி, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் அதன் நடு ஆணியை இழுத்தால், உள்பக்கம் வால் வீங்கி இறுகிக்கொள்ளும். ஆணி ‘டக்’ என்று முறிந்து வெளியே வந்துவிடும். கனமும் இல்லை, உள்ளே ஆள் நின்று தாங்கிப் பிடிக்கவும் வேண்டாம். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதே இல்லை. இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிவெட்டில் ஒரு சனியன் உண்டு. குட்டையானது தடித்த இடத்தில் பிடிக்காது, நீளமானது மெல்லிய இடத்தில் லொடலொடவென்று ஆடும். ஒரு பெட்டியிலேயே ஓரத்தில் கனம் மூன்று புள்ளி இரண்டு, மூலையில் ஐந்து புள்ளி ஆறு. எந்த இடத்துக்கு எந்த ரிவெட் என்று சொல்வதற்காகவே புள்ளிக்காரரை வைத்திருந்தார்கள். அவருக்கு ஒரு முக்காலி, இருபத்தாறு அறை வைத்த ஒரு தகரப் பெட்டி, முனை ஊசி மாதிரி இருக்கும் ஒரு கொக்கி கேஜ். கொக்கியை ஓட்டைக்குள் விட்டு மறுபக்க விளிம்பில் மாட்டி இழுத்தால் மொத்தக் கனத்தைக் கேஜ் காட்டிவிடும். இருபத்திரண்டு வருஷமாக அந்த முக்காலியில் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை.

வீட்டிலும் இதே கூத்துதான். மூன்று மாதத்துக்கு முன் பாத்திரம் கழுவும்போது மனைவியின் மோதிரம் கழன்று தொட்டிக்குள் விழுந்தது. புள்ளிக்காரர் ஓடிவந்து விரலை அளந்தார், மோதிரத்தை அளந்தார். மறுநாளே பட்டறையிலிருந்து மெல்லிய அலுமினியத் தகடு கொண்டுவந்து மோதிரத்துக்கு ஓர் உள்வளையம் போட்டுக் கொடுத்தார்.

“இப்ப விழாது பாரு.”

“ஆமாங்க, விழாது” என்றாள் அவள்.

அடுத்த மாதம் அது மறுபடியும் விழுந்தது. அவர் இரண்டாவது வளையம் போட்டார். பட்டறையில் நாலு பேரிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டவர் வேறு யாருமில்லை, மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அதே பட்டறைக்கு மேனேஜர் வேறு. ஒருநாள் மச்சான் ஒரு சாம்பிள் பொட்டலத்தை முக்காலிக்குப் பக்கத்தில் பிரித்து வைத்தார்.

“மாமா, இந்த ஒரே ரிவெட் ஒண்ணு புள்ளி ஆறுலேருந்து ஆறு புள்ளி நாலு வரைக்கும் எல்லா கனத்தையும் பிடிக்கும். இனிமே அளக்கவே வேண்டாம். இந்தத் தகரப் பெட்டியைத் தூக்கி மேல வச்சிடலாம்.”

“அப்ப நான்?”

“கேட்ல வண்டி நம்பர் எழுத ஆள் வேணும் மாமா. நிழலான இடம்.”

“மச்சான், எல்லாக் காலுக்கும் ஒரே செருப்பு மாட்டச் சொல்றீங்க.”

வீம்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் வண்டி நம்பரில் புள்ளி கிடையாது. அந்த முக்காலி போய்விட்டால் தான் யார் என்று யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாமல் பயந்துபோனார். மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மனைவியும் தட்டை அளைந்துவிட்டு எழுந்துபோனதை அவர் கவனிக்கவில்லை.

விவகாரம் முதலாளியம்மாவிடம் போனது. அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார், பேசினால் மறுபேச்சு கிடையாது. “ஒரு வேன்ல பெட்டி கட்டுங்க. இடது சுவர் மேனேஜர் ரிவெட், வலது சுவர் உங்க ரிவெட். பின்பக்கம் கல்லும் குழியுமா ஒரு பாதை இருக்கே, அதுல பத்து சுற்று ஓட்டுவோம். எந்தப் பக்கம் லொடலொடங்குதோ அந்தப் பக்கம் தோத்துச்சு” என்றார்.

மச்சான் விதிமுறையைத் தட்டெழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். நாலாவது விதி: கடைசி ரிவெட் அடித்ததிலிருந்து பத்தாவது சுற்று முடியும்வரை எந்த ரிவெட்டையும் யாரும் தொடக்கூடாது. அடித்த ரிவெட்டைக் குடைந்து எடுக்கும் ட்ரில்லிங் மெஷினைக் கொண்டுவரச் சொல்பவர் தோற்றவர். மாமா ஏதாவது தில்லுமுல்லு செய்துவிடுவாரோ என்று சந்தேகப்பட்டுத்தான் அதை எழுதினார்.

போட்டியன்று வேன் வாங்குகிறவர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்காக மச்சான் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். பேண்ட், அவர் உருண்டு திரண்டிருந்த காலத்தில் தைத்தது. பின்னால் இரண்டு பிடி துணி தொங்கும். இடது சுவர் முந்தின நாளே முடிந்துவிட்டது. வலது சுவர் நடந்துகொண்டிருந்தபோது, ரிவெட் வால்கள் ஒழுங்காக வீங்குகின்றனவா என்று குறிப்பெடுக்க மச்சான் பெட்டிக்குள் போனார். உள்ளே நிழலாக இருந்தது. ஒரு மடக்கு ஸ்டூலைப் போட்டு, வலது சுவரில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

வெளியே புள்ளிக்காரர் ஒவ்வோர் ஓட்டையாக அளந்துகொண்டு வந்தார். மூன்று புள்ளி இரண்டு, மூன்று புள்ளி இரண்டு, மூன்று புள்ளி இரண்டு. அடுத்தது நாலு புள்ளி நாலு.

கொக்கியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டார். அப்போதும் நாலு புள்ளி நாலுதான்.

“பத்து எம்.எம். குடு” என்றார்.

ரிவெட் துப்பாக்கி பிடித்திருந்தவர் தயங்கினார். “இந்த வரிசை பூரா எட்டு எம்.எம். நீளம் தானேங்க?”

“கேஜ் நாலு புள்ளி நாலுங்குது. எட்டு பிடிக்காது. பத்துதான்.”

“தகடு எப்படிங்க திடீர்னு தடிக்கும்?”

“அது தகட்டோட சொந்த விஷயம். நீ அடி.”

டக். அடுத்த ஓட்டையும் நாலு புள்ளி நாலு. டக். அதற்கடுத்ததும் அதேதான். டக். மூன்று ரிவெட்டும் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தன. வரைபடத்தை நம்பாமல் கேஜை நம்பியதற்காகப் புள்ளிக்காரர் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். உள்ளே மச்சான், “கொசு பிடுங்கித் தள்ளுது” என்று சொல்லிக்கொண்டே முதுகுக்குக் கீழே சொறிந்தார். அதோடு வலது சுவர் முடிந்தது.

மச்சான் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

“யாருப்பா அது? விடு! யார் என் கோட்டைப் பிடிச்சிட்டிருக்கறது?”

உள்ளே எட்டிப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பதா ஓடுவதா என்று தெரியவில்லை. கோட்டின் வால், அதற்குள் பேண்ட்டின் பின்பக்கத் தொங்கல், இரண்டும் மூன்று இடத்தில் சுவரோடு சுவராக ரிவெட் அடிக்கப்பட்டிருந்தன. தோலில் ஒரு கீறல் இல்லை. கோட்டை மட்டும் கழற்றிப் பயனில்லை, பேண்ட்டையும் கழற்ற வேண்டும். வாசலில் முதலாளியம்மா நின்றுகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் வேன் வாங்க வந்த ஆறு பேர்.

“ட்ரில் மெஷின் கொண்டாங்க!” என்று கத்த வாயெடுத்த மச்சானுக்கு நாலாவது விதி ஞாபகம் வந்தது. வாய் திறந்தபடியே நின்றது. புள்ளிக்காரரைப் பார்த்தார். புள்ளிக்காரர் அவரைப் பார்க்கவில்லை, ரிவெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாப் பிடிச்சிருக்கு” என்றார்.

மச்சானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “ஓட்டுங்கடா வண்டியை!” என்றார்.

ஓட்டினார்கள். முதல் குழியில் ஸ்டூல் மடங்கி ஒரு மூலைக்கு ஓடிப்போயிற்று. மீதி ஒன்பது சுற்றும் மச்சான் சுவரில் மாட்டிய படமாகத்தான் பயணம் செய்தார். சுற்றுக்கு ஒருமுறை டிரைவர் தலையை நீட்டி, “நிறுத்தட்டுமா சார்?” என்று கேட்பார். “நிறுத்தினே, தொலைச்சிடுவேன்!” என்று உள்ளேயிருந்து பதில் வரும். வேலைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து சுற்றை எண்ணினார்கள். ஏழாவது சுற்றுக்குப் பிறகு பதில் வெறும் முனகலாகத்தான் வந்தது.

பத்து முடிந்ததும் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். இடது சுவர் கல்லு மாதிரி நின்றது. வலது சுவரும் அப்படியே. மச்சானைத் தாங்கிய மூன்று ரிவெட்டும் இம்மியும் அசையவில்லை.

“பாத்தீங்களாம்மா!” புள்ளிக்காரருக்குக் குரல் உடைந்தது. “எட்டு எம்.எம். போட்டிருந்தா இவர் ரெண்டாவது சுற்றுலயே கழண்டு விழுந்திருப்பார். கனத்துக்கு ஏத்த ரிவெட்!”

முதலாளியம்மா சிரிக்கவில்லை. “ஒண்ணு புள்ளி ரெண்டு அதிகம்னு கேஜ் சொல்லிச்சு இல்லியா?”

“சொல்லிச்சும்மா.”

“ஏன் அதிகம்னு கேட்டீங்களா? உள்ள எட்டிப் பாத்தீங்களா?”

“ரிவெட் எடுக்கறதுக்கு அது தேவைப்படலம்மா.”

“தேவைப்படலேன்னா மேனேஜர் கொண்டாந்த ரிவெட்டே போதுமே. அதுவும் எதையும் கேக்காம பிடிச்சுக்கும்.”

சொல்லிவிட்டு ஆபீசைப் பார்க்க நடந்தார். நாலடி போய்த் திரும்பி, “கேட்டுக்குப் போக வேண்டாம். நாளையிலேருந்து ஒவ்வொரு வரிசை அடிக்கறதுக்கு முன்னாடியும் நீங்க உள்ள போய்ப் பாத்துட்டு, ‘யாரும் இல்ல’ன்னு குரல் குடுங்க” என்றார்.

தகரப் பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. மச்சானை ட்ரில் போட்டு எடுத்து, தார்ப்பாய் சுற்றி ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். புள்ளிக்காரர் பஸ்ஸில் எதையும் அளக்காமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்து செருப்பைக் கழற்றும்போதே சமையலறையில் ‘டிங்’ என்று சத்தம் கேட்டது. மோதிரம் மறுபடியும் தொட்டிக்குள் விழுந்திருந்தது.

அவர் கை தானாக வெர்னியரை எடுத்தது. மனைவியும் பழக்கதோஷத்தில் ஈர விரலை நீட்டினாள். அவர் விரலைப் பிடித்தார், வெர்னியரை வைக்கவில்லை. விரலைப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கழுத்தெலும்பு எப்போது இப்படித் துருத்திக்கொண்டது?

“ஏன் இப்படி இளைச்சுக்கிட்டே போற?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய் அலமாரியிலிருந்து ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டர் எழுதிய சீட்டு. ரத்தப் பரிசோதனை, ஒரு வாரத்துக்குள். தேதி இரண்டரை மாதத்துக்கு முந்தியது.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் வந்தேன். நீங்க ரெண்டாவது வளையம் போட்டுக் குடுத்தீங்க. ரொம்ப சந்தோஷமா வேற இருந்தீங்க.”

அவருக்கு இந்த வீட்டில் ஒரு கதவு எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிந்து வைத்திருந்தோமே என்று நினைக்க வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வெர்னியரை ஜன்னல் திட்டில் வைத்தார்.

“காலையில முதல் வேலையா போயிடலாம்.”

“பட்டறைக்கு? அங்க உங்க வேலையை யார் பாக்கறது?”

“உன் தம்பியைப் பெட்டிக்குள்ள போய்ப் பாக்கச் சொல்றேன். அவருக்கு அந்தப் பக்கம் நல்லாப் பழக்கம்.”

என்ன சங்கதி என்று அவள் கேட்டாள். அவர் சமையலறை முக்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, முதல் ஓட்டையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். தார்ப்பாய் வரும் இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.