பழைய சட்டப் புத்தகமும் ஸ்டேஷன் பெஞ்சும்

எங்கள் பக்கம் வீட்டில் ஒரு வம்பு என்றால் முதலில் கேட்பது, "ஸ்டேஷன்ல யாரத் தெரியும்?" என்றுதான். சட்டத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஒருத்தனும் கேட்க மாட்டான். நானும் கேட்டதில்லை, என் தங்கச்சி ஸ்டேஷன் பெஞ்சில் உட்காருகிற வரைக்கும்.

வில்லாபுரத்தில் அவள் வீட்டு வாசலுக்கு நேராக ஒரு ஷேர் ஆட்டோ, சைக்கிளில் போன பெரியவரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பார்த்தது இவள் ஒருத்தி. கேட்டவர்களிடம் வண்டி நம்பரையும் சொன்னாள். பிடித்தது சனியன். போன் மேல் போன். "சின்ன விசாரணைதாம்மா, ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க." போனால் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அய்யா ரவுண்ட்ஸ் போயிருக்கிறார், அய்யா கோர்ட்டுக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாங்க. எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. எங்கே போனாலும் பெஞ்ச் ஒன்றுதான்.

அவளுக்குக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. இன்னொரு நாள் லீவு போட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். புருஷன் லாரியில் வெளியூர் போய்விடுகிறவன். தெருவில் வேறு, "இவ மேல என்னமோ கேஸாம்ல" என்று பேச்சு கிளம்பிவிட்டது.

"நான் ஒண்ணுமே பாக்கலன்னு எழுதிக் குடுத்துரவாண்ணே?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெரியவர் இடுப்பு உடைந்து படுத்துக் கிடக்கிறார். இவள் பின்வாங்கினால் ஆட்டோக்காரன் ஜம்மென்று சுற்றுவான். இவள் பின்வாங்காவிட்டால் வேலை போகும்.

நானும் எல்லோரையும் போல முதலில் தெரிந்த ஆளைத்தான் தேடினேன். எங்கள் வார்டில் கட்சிக்காரர் ஒருவர் இருக்கிறார். "பேசிட்டேன் மாப்ள, இனி கூப்பிட மாட்டாங்க" என்றார். மறுநாளே ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது.

நான் வேலை பார்க்கிற பட்டறையில் கை வேலையில் இருந்தாலும் மனது நிலைகொள்ளவில்லை. சாயங்காலம் எங்கள் அவனியாபுரத்துத் தெருக்களில் நடந்துகொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்தால் மறுபடி வாசலுக்கு வந்துவிடுவேன். அப்போதுதான் எப்போதோ பழைய புத்தகக் கடையில் வாங்கிப் போட்டிருந்த சட்டக் கையேடு ஞாபகம் வந்தது. நின்றபடியே புரட்டினேன். அந்தத் தமிழை எழுதியவனைக் கட்டி வைத்து அடிக்கலாம். ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் பக்கம் முடிகிற வரைக்கும் நிற்காது. ஆனால் விஷயம் இருந்தது. சாட்சி விசாரணைக்கு ஒரு பெண்ணை, அவள் குடியிருக்கிற இடத்தைத் தவிர வேறு எங்கேயும் போலீஸ் வரச்சொல்லக் கூடாது.

அடுத்த முறை நானும் கூடப் போனேன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டரின் மேஜையில் புத்தகத்தை விரித்து வைத்துப் பிரிவு நம்பரைச் சத்தமாகப் படித்தேன். ரைட்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இந்தச் சட்டமே போயிருச்சு. புதுசு வந்தாச்சுல்ல? பேப்பர் படிக்கிறதில்லையா?"

உள்ளே இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். ஒருவர், "வெள்ளக்காரன் காலத்துப் புஸ்தகமா இருக்கும்" என்றார். ரைட்டர் என் தங்கச்சியைப் பார்த்துச் சொன்னார்: "அதுவும் போக, இவங்கள யாரு கட்டாயப்படுத்துனா? அவங்களா இஷ்டப்பட்டுத்தான வாராங்க?"

வெளியே வந்து புத்தகத்தைச் சாக்கடையில் எறியப் போனேன். தங்கச்சி பிடுங்கிக்கொண்டாள். "அந்தாளு கடைசியாச் சொன்னதக் கவனிச்சியா?" என்றாள். நான் கவனிக்கவில்லை. எனக்கு அவமானத்தில் காது அடைத்திருந்தது.

அங்கிருந்து நேராகப் புத்தகக் கடைக்குப் போனோம். புதுப் பதிப்பு கேட்டு வாங்கி, அங்கேயே கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று தேடினோம். நம்பர் மாறியிருந்தது. விஷயம் மாறவில்லை. ஆனால் கூடவே ஒரு வரி: அவருக்கு விருப்பமிருந்தால் காவல் நிலையத்துக்கு வர அனுமதிக்கலாம். அம்புட்டுத்தான். போனில் கூப்பிட்டதும் இவள் "சரி சார், வாரேன்" என்று சொன்னாளே, அந்தச் "சரி"தான் அவர்களுக்கு விருப்பம். எங்கள் ஆட்கள் காக்கிச் சட்டையிடம் வேறு எந்த வார்த்தையைச் சொல்லப் பழகியிருக்கிறார்கள்?

அடுத்த போன் வந்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். இந்தத் தடவை அவள் "சரி" சொல்லவில்லை.

"எனக்கு ஸ்டேஷனுக்கு வர விருப்பமில்ல சார். ஞாயித்துக்கிழம வீட்லதான் இருப்பேன். வாங்க, பாத்தத அப்படியே சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஏட்டய்யா வந்தார். பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார். காபி ஆறுவதற்குள் வாக்குமூலம் முடிந்துவிட்டது. கிளம்பும்போது நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்:

"இம்புட்டு நாளா இத ஏன் சார் செய்யல?"

"ரூல் எங்களுக்குத் தெரியாதாண்ணே? யாரும் கேக்கல. நாங்களும் எத்தன வீட்டுக்குத்தான் அலையிறது?"

அவர் தப்பாகப் பேசுவதாகவே நினைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தெரிந்தவன் சொல்ல மாட்டான், தெரியாதவன் பெஞ்சில் உட்கார வேண்டும் என்றால், புத்தகத்தை வீட்டில் வைத்திராமல் என்ன செய்வது? அது வக்கீலுக்கு ஈடாகாது. எதைக் கேட்க வேண்டும் என்று காட்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன், வாங்கும்போது எந்த வருஷத்துப் பதிப்பு என்று பாருங்கள். என்னைப் போல மேஜையில் விரித்துவிட்டு முழிக்காதீர்கள்.

தங்கச்சிக்கு வேலை போகவில்லை. இப்போது கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது.

"கோர்ட்டும் வீட்டுக்கு வருமாண்ணே?" என்றாள் சிரித்துக்கொண்டே.

வராது. அதற்குப் போய்த்தான் ஆக வேண்டும். அதையும் அந்தப் புத்தகத்தில்தான் பார்த்தோம். சூப்பர்வைசரிடம் லீவு கேட்கும்போது காட்டச் சம்மனை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டாள். "பாத்தேன்னு சொல்லத்தான போறேன்" என்றாள்.