என் படத்துக்கு விழுந்த மாலை

ராக்கெட் விஞ்ஞானியா இருந்து ஜனாதிபதி ஆனாரே, இன்னைக்கு அவர் நினைவு நாள். ராக்கெட்டுக்கு மூக்கு கூரா இருக்கணும்னு அவருக்கு யோசனை சொன்னது நான்தான், உங்களுக்கே தெரியும்.

அதனால ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுல பேனர் வச்சேன். அவர் படம் சின்னதா, என் படம் பெருசா. மேல 'கண்ணீர் அஞ்சலி'.

காலையில போய்ப் பார்த்தா, மீன்சுருட்டி ஊர்லேர்ந்து வந்த என் மச்சான் என் படத்துக்கு மாலை போட்டு அழுவுறான்!

இத்தனை வருசமா என்னைப் புளுகன்னு சொன்னவன், "ராக்கெட்டுக்கே யோசனை சொன்ன எங்க மாமா போயிட்டாரே!"ன்னு கூட்டத்துக்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தான்.

முழுசாப் பேசி முடிக்கட்டும்னு தூணுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். அப்புறம்தான் தோளைத் தட்டினேன்.

"மாமா, நீங்க சாவலையா? அப்ப அந்த ராக்கெட் கதையும் பொய்தான்"னு மாலையைக் கழட்டிக்கிட்டான்.

உண்மை பேசுறவன் உயிரோட இருந்தா நம்பக்கூடாதா? நீங்களே சொல்லுங்க.